ஒரு தடவைக்கு ஒரு குண்டு

அது துப்பாக்கிதான். நீங்க பார்த்ததை நானும் பார்த்துவிட்டேன், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயப்படுவதற்கு ஒன்றுமில்லை. உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்க.

அவர்கள் சைட்டை அளக்கட்டும். புரோக்கர் நாச்சிமுத்து அண்ணன் டேப்பைப் பிடித்தால் நாலு மூலையையும் பார்க்காமல் விட மாட்டார். உங்கள் வீட்டுக்காரரும் பொறுமைசாலி மாதிரி தெரிகிறார், சொல்கிற இடத்தில் எல்லாம் போய் நிற்கிறார். நாம் வெயிலில் நின்று என்ன பண்ணப் போகிறோம்? காபி ஆறிவிடும், எடுத்துக்கொள்ளுங்க. நான் எழுந்து கொடுக்க முடியாது, மடியில் இவன். ஏழு மாதம். எட்டு கிலோ. இப்போதுதான் தூங்கினான்.

பதினாலாம் நம்பர் சைட்டு நல்ல சைட்டு. வடக்குப் பார்த்தது. என் வீடு பதின்மூன்று. மொத்தம் அறுபத்திரண்டு சைட்டு, நுழைகிற இடத்து ஆர்ச்சில் எழுதியிருக்கிறதே. வீடு என்று பார்த்தால் இரண்டு. ஒன்று இது. இன்னொன்று கடைசித் தெருவில், அவர்கள் மஸ்கட்டில் இருக்கிறார்கள், பூட்டியிருக்கிறது. மற்றபடி எல்லாம் வெள்ளை எல்லைக் கல்தான். அமைதியான இடம். மயில் கத்தும். முதல் வாரம் யாரோ பெண்ணைப் போட்டு அடிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். மயில்தான். பழகிவிடும்.

துப்பாக்கியைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது ஏர் ரைஃபிள். காற்றில் வேலை செய்வது. இதற்கு லைசென்ஸ் வேண்டாம், ஆதார் ஜெராக்ஸ் கொடுத்தால் போதும் என்று கடையில் சொன்னார்கள். உள்ளே குண்டு இல்லை. இவன் மேல் சத்தியமாக இல்லை. துடைத்து எண்ணெய் போடலாம் என்று வெளியே எடுத்தேன், நீங்கள் வந்துவிட்டீர்கள்.

டார்கெட் சுடுவதற்காக வாங்கினேன். பொழுதுபோக்கு. சில பேர் எம்பிராய்டரி போடுகிறார்கள், சில பேர் கேக் செய்யக் கற்றுக்கொள்கிறார்கள். அதுமாதிரி. பயந்துகொண்டு வாங்கினேன் என்று நாச்சிமுத்து அண்ணன் ஏதாவது சொல்லியிருந்தால் நம்பாதீங்க. எனக்குப் பயம் கிடையாது. நான் கான்வென்ட்டில் படித்தவள். சிஸ்டர் பெர்னதெத் சொல்லுவார், முதுகை நேராக வைத்துக்கொண்டால் பயம் வெளியே தெரியாது என்று. பன்னிரண்டு வருஷம் நேராக வைத்திருந்தேன். அங்கே என்.சி.சி.யும் உண்டு. கேம்ப்பில் ஆளுக்கு ஐந்து குண்டு கொடுத்தார்கள். நான் ஐந்தையும் சுட்டேன். என் பேப்பரில் ஒன்றுகூட இல்லை, பக்கத்தில் படுத்திருந்த கேத்தரின் பேப்பரில் எட்டு இருந்தது. அவளுக்குக் கப் கொடுத்தார்கள். அப்போதே சொன்னார்கள், சுடும்போது இரண்டு கண்ணையும் மூடக்கூடாது என்று.

இவனுடைய அப்பா போர்வெல் வண்டியில் மேனேஜர். எங்களுக்குத் திருச்செங்கோடு. உங்களுக்குத்தான் தெரியுமே, அங்கே வீட்டுக்கு ஒருத்தர் போர் வண்டியோடு சத்தீஸ்கர், ஒடிசா என்று போய்விடுவார்கள். மழைக்காலத்தில்தான் வீடு. ஆவணி முதலில் இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சினோம். ஆவணி கடைசியில் அவர் கிளம்பிவிட்டார். போகும்போது, "ஏதாச்சும்னா போன் பண்ணு" என்றார். பண்ணினேன். முதல் நாள் ஒன்பது தடவை பண்ணினேன். அங்கே முந்நூறு அடி ஆழத்தில் பாறையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள், மயில் கத்துகிறது என்று நான் சொன்னால் அவர் என்ன பண்ணுவார்? "நீ ஏதாச்சும் ஒரு ஹாபி வச்சுக்கோ புள்ள" என்றார். இதுதான் ஆரம்பம்.

ஹாபி என்றால் சும்மா ஆரம்பித்துவிட முடியாது. ஒரு ரூல் போட்ட நோட்டு எடுத்தேன். நடுவில் கோடு கிழித்தேன். இடது பக்கம் என்னென்ன வகை, வலது பக்கம் என்னென்ன குறை. இரண்டு வாரம் யூடியூபில் துப்பாக்கி பார்த்தேன். போனைத் திறந்தால் இப்போதும் அதுதான் வருகிறது. தாலாட்டுப் போடலாம் என்று தேடினாலும் முதலில் மீசை வைத்த ஒருத்தர் ஸ்பிரிங்கைக் கழற்றிக் காட்டிக்கொண்டிருப்பார். இவன் அவர் குரலுக்குத் தூங்கப் பழகிவிட்டான்.

அப்புறம் கோயம்புத்தூர் போனேன். இவனைத் தூளி மாதிரி நெஞ்சில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போனேன். கடையில் மீசை வைத்த யாராவது இருப்பார்கள் என்று நினைத்தேன். கவுண்டரில் ஒரு பெண். ரெஜினா என்று பெயர். என் வயதுதான் இருக்கும். வயிறு ஏழு மாதம். டப்பாவில் இருந்து லெமன் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"எதுக்குங்க?" என்றாள்.

"டார்கெட் சுட" என்றேன்.

"எல்லாரும் அப்படித்தாங்க சொல்றாங்க. குரங்கா, பன்றியா, பாகம் கேக்கற மச்சாண்டாரா?"

"நிஜமாகவே டார்கெட்."

அவள் என்னைப் பார்த்தாள். இவனைப் பார்த்தாள். "சரிங்க, டார்கெட்" என்றாள். கையைக் கழுவிவிட்டு வந்து மூன்று துப்பாக்கியை எடுத்து வரிசையாக வைத்தாள். அங்கேதான் ஒரு சிக்கல். ஏர் ரைஃபிளை ஒவ்வொரு தடவையும் நடுவில் மடக்கி இழுக்க வேண்டும். அப்போதுதான் ஸ்பிரிங் இறுகும். இறுகினால்தான் சுடும். வாங்குகிறவர் முதலில் அதைத்தான் இழுத்துப் பார்க்க வேண்டுமாம், கைக்கு ஒத்துவருகிறதா என்று. எனக்கு சிசேரியன், டாக்டர் பாரம் இழுக்காதே என்று சொல்லியிருந்தார். அவளுக்கு ஏழாவது மாதம், அவளுடைய டாக்டரும் அதையேதான் சொல்லியிருந்தார். இரண்டு பேரும் துப்பாக்கியை நடுவில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றோம்.

கடைசியில் அவள் வாசலுக்குப் போய், "மாஸ்டர், ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்க" என்று பக்கத்து டீக்கடை மாஸ்டரைக் கூப்பிட்டாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். முதல் துப்பாக்கியை மடக்கினார்.

"எப்படி இருக்கு மாஸ்டர்?"

"மாவு பிசையற மாதிரி இருக்குதுங்க."

இரண்டாவதை மடக்கினார். "இது பரோட்டா மாவு."

மூன்றாவது. "இது இடியாப்பம் புழியறது. முதல்ல கஷ்டம், அப்புறம் தானாப் போகும்."

நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். இடியாப்பம் என்றால் எனக்குத் தெரியும். மரக்கட்டை அச்சில் பிழிந்து பழக்கம். அதைத் தனியே எடுத்து வைக்கச் சொன்னேன்.

அப்புறம் ரெஜினா உள்ளே போய் இன்னொன்று கொண்டுவந்தாள். பளபளவென்று கறுப்பு. "இது மடக்கவே வேண்டாங்க. முன்னாடியே பம்ப் அடிச்சுக் காத்தை நெப்பி வச்சுக்கலாம். வரிசையாப் பத்து குண்டு போகும். பொம்பளைங்களுக்கு இதுதான் சுகம்."

எனக்கு அதைப் பார்த்ததுமே கை சில்லென்று ஆகிவிட்டது. பயமில்லை, ஏசி. "ஒன்று போதும்" என்றேன்.

"ஒண்ணு போனா மறுபடி மடக்கணும், மறுபடி ஒரு குண்டு எடுத்து வைக்கணும், மறுபடி மூடணும். பத்து இருந்தா—"

"ஒன்று போதுங்க. ஒரு தடவைக்கு ஒரு குண்டு. அதைச் சுட்டாச்சுன்னா அப்புறம் அது வெறும் கட்டைதானே?"

"ஆமாங்க. வெறும் கட்டைதான்."

"அதுதான் வேண்டும்."

அவள் கறுப்பை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். "முதல் முதலா வாங்கற துப்பாக்கிக்கு அதுதாங்க சரி" என்றாள். "பத்து இருந்தா முதல் ஒன்பதைச் சும்மா வீணடிப்பாங்க. ஒண்ணுன்னா மூச்சை நிறுத்திப் பார்த்துச் சுடுவாங்க." தொலைநோக்கி மாதிரி மேலே மாட்டுகிறார்களே, அதுவும் இப்போது வேண்டாம் என்றாள். இரும்பு முனையிலேயே குறி பார்த்துப் பழகச் சொன்னாள். குண்டு வாங்கும்போது தலை தட்டையாக இருக்கிற குண்டு வாங்கச் சொன்னாள், கூர் வேண்டாம். தட்டைக் குண்டு பேப்பரில் பஞ்சிங் மிஷின் போட்ட மாதிரி சுத்தமாக ஓட்டை போடுமாம். எனக்கு அது பிடித்திருந்தது. எனக்கு எதுவும் ஓரம் கிழியாமல் இருக்க வேண்டும்.

கடைசியில் துப்பாக்கியை என் கையில் கொடுத்தாள். எடை பார்க்க. நான் வாங்கினேன். வாங்கியதும் அவள் சிரித்துவிட்டாள். மாஸ்டரும் சிரித்தார். ஏன் என்று பார்த்தால், நான் அதன் கட்டைப் பக்கத்தை முழங்கை மடிப்பில் வைத்து, இன்னொரு கையால் அடியில் தாங்கிப் பிடித்திருக்கிறேன். கழுத்து நிற்காத பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி. "இவனைவிட லேசாக இருக்கிறது" என்றேன். "பொறந்தப்ப இருந்த எடை."

"அப்ப இதை எடுத்துக்கங்க" என்றாள் ரெஜினா. பேக் பண்ணும்போது மெதுவாகக் கேட்டாள், "வீட்ல தனியாவாங்க இருக்கீங்க?"

"இல்லைங்க, இவன் இருக்கிறான்" என்றேன்.

இப்படித்தான் வாங்கினேன். பின்னால் கொல்லைப் படியில் இருந்து காம்பவுண்டுச் சுவர்வரை பத்து மீட்டருக்கு அரை அடி குறைவு. அங்கே மரப்பெட்டியில் பழைய துணியும் மணலும் அடைத்து, அதன் மேல் பேப்பரைக் குத்திவிடுவேன். இவன் காலையில் தூங்கும்போது பத்து, சாயங்காலம் பத்து. அதற்கு மேல் கிடையாது. முதல் வாரம் பெட்டியே கிடைக்கவில்லை. உங்கள் சைட்டு எல்லைக் கல்லில் இரண்டு புள்ளி இருக்கும், ஈயக் கலரில். அது நான்தான். கிரயப் பத்திரத்துக்கு ஒன்றும் ஆகாது, கல்லுக்குத்தான். இப்போது அப்படி இல்லை. பத்தில் எட்டு நடு வட்டத்தில் விழுகிறது. ஒரு கண் திறந்திருக்கிறது.

கேட்டில் மாட்டியிருக்கிற பேப்பர்களைப் பார்த்தீர்களா? பார்க்காமல் இருந்திருக்க முடியாது. வந்ததும் உங்கள் வீட்டுக்காரர் அங்கேயே நின்றுவிட்டாரே. அது வேறொன்றுமில்லை. எங்கள் கான்வென்ட்டில் நல்ல கையெழுத்து எழுதினவர்களுடைய தாளை நோட்டீஸ் போர்டில் குத்துவார்கள். தேதி, பெயர், சிவப்பு மையில் மார்க். எல்லாரும் பார்த்துவிட்டுப் போவார்கள். அந்தப் பழக்கம். வாரத்தில் எது நல்லா வந்ததோ அதைக் கேட்டில் மாட்டுவேன். இங்கே வேறு நோட்டீஸ் போர்டு இல்லை.

முதலில் வட்டம் போட்ட பேப்பர்தான் இருந்தது. தீர்ந்துபோனதும் ஆன்லைனில் போட்டேன். நூறு தாள். நான் கேட்டது வட்டம். வந்தது ஆள் படம். தலை, தோள், நெஞ்சு, எல்லாம் கறுப்பாக. நெஞ்சில் பத்து மார்க், நெற்றியில் பத்து மார்க். திருப்பி அனுப்பலாம் என்றால் கூரியர்க்காரர் ஆர்ச்சைத் தாண்டி உள்ளே வர மாட்டேன் என்கிறார். அங்கே இருந்தே போன் பண்ணுகிறார், "மேடம், நீங்களே வந்து வாங்கிக்கங்க" என்று. கேஸ் சிலிண்டர் போடுகிறவரும் அப்படித்தான். பால்காரர் ஒரு கல் மேல் பாக்கெட்டை வைத்துவிட்டு ஹாரன் அடித்துவிட்டுப் போகிறார். இந்தப் பக்கத்து ஆட்கள் கொஞ்சம் சோம்பேறிகள். அது ஒன்றுதான் இங்கே குறை. நூறு தாளை வீணாக்க முடியுமா? அதிலேயே சுடுகிறேன். நீங்கள் பார்த்தது போன வாரத்தது. பெயர் கீழே எழுதியிருக்கும்.

உங்களுக்கு முன்னால் மூன்று பேர் இந்தச் சைட்டைப் பார்க்க வந்தார்கள். ஒரு பேங்க் மேனேஜர் குடும்பம், ஒரு டீச்சர், அப்புறம் ஒரு கல்யாண மண்டபக்காரர். மூன்று பேரும் கேட்வரைக்கும் வந்தார்கள். காரை விட்டு இறங்கக்கூட இல்லை. என்ன காரணம் என்று தெரியவில்லை. இங்கே தண்ணீர் கொஞ்சம் உப்பு, யாரோ சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். நாச்சிமுத்து அண்ணன் இரண்டு தடவை என்கிட்டே வந்து என்னவோ சொல்ல வந்தார். "அம்மணி, அந்தக் கேட்ல..." என்பார். அப்புறம் துப்பாக்கியைப் பார்ப்பார். "ஒண்ணுமில்லீங்" என்று போய்விடுவார். கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கச் சொல்கிறார் போல.

நீங்களாவது இறங்கி வந்தீர்களே. உண்மையைச் சொன்னால், நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். காபிக்குப் பாலை அப்போதே அடுப்பில் வைத்துவிட்டேன்.

உங்ககிட்டே ஒளிக்க என்ன இருக்கிறது? எனக்கு இந்தச் சைட்டில் யாராவது வந்தாக வேண்டும். தை மாதத்துக்குள். அது எங்கள் மாமனார் போட்ட கெடு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆயுத பூஜைக்கு அத்தையும் மாமாவும் கார் எடுத்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் சைடில் ஆயுத பூஜை என்றால் சாதாரணம் இல்லை. போர் வண்டி வைத்திருக்கிறவர்கள் பாருங்க, தீபாவளியைவிடப் பெரிசு. அத்தை வந்ததும் வீட்டில் இருக்கிற சாமான் எல்லாம் ஹாலில் வந்து உட்கார்ந்துவிட்டது. மிக்ஸி, கத்தரிக்கோல், ஸ்க்ரூ டிரைவர், ஸ்கூட்டர் சாவி, இவன் பாட்டில் கழுவுகிற பிரஷ். "அதையும் கொண்டா" என்றார், சுவரில் சாய்த்து வைத்திருந்ததைக் காட்டி. துப்பாக்கியையும் கொண்டுவந்து பாயில் வைத்தேன்.

அத்தை சந்தனக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். "ஏம்மணி, இதுக்கு நெத்தி எது?"

"தெரியலைங்க அத்தை."

"இந்த மேடு இருக்குதுல்ல, இதுல வச்சர்றேன்."

"ஐயோ அத்தை, அது குறி பார்க்கிற முனை. அதில் வைத்தால் மறைத்துவிடும்."

"அப்பறம் எங்கதான் வெக்கறது? பொட்டு வெக்காம உட்டா அது என்ன நெனைக்கும்?" சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "வாய் இருக்குதுல்ல. வாய்லயே வச்சர்றேன்." கட்டைவிரலால் சந்தனத்தை உருட்டி, ஓட்டையில் வைத்து நன்றாக அழுத்தினார். நடுவில் குங்குமம். தள்ளி உட்கார்ந்து அழகு பார்த்தார். இவனுக்குப் பொட்டு வைத்தாலும் அப்படித்தான் பார்ப்பார். என்.சி.சி.யில் இதைப் பற்றி எதுவும் சொல்லித் தரவில்லை.

மறுநாள் விஜயதசமி. எடுத்த ஆயுதத்தை எல்லாம் ஒரு தடவை வேலை செய்யவைக்க வேண்டும் இல்லையா? மிக்ஸியை ஓடவிட்டோம். கத்தரிக்கோலால் ஒரு நூலை வெட்டினோம். மாமா காரை ஸ்டார்ட் பண்ணி எலுமிச்சம்பழம் மேல் ஏற்றினார். பிரஷ்ஷால் ஒரு பாட்டில் கழுவினேன். அப்புறம் மாமா கொல்லைப் படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "எங்கே, இதையும் பாக்கலாம்" என்றார்.

எனக்குத் தெரியும், அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று. டிக்கியைக் காலியாக வைத்துக்கொண்டு வந்திருந்தார். என்னையும் இவனையும் சாமானோடு திருச்செங்கோட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவதாகத்தான் யோசனை. அங்கே வீட்டில் பதினோரு பேர். நல்லவர்கள். ஒருவரைக்கூடக் குறை சொல்ல முடியாது. அந்த வீட்டில் நான் பயந்ததே இல்லை. பிரசவம் ஆகி மூன்று மாதம் அங்கேதான் இருந்தேன். இவன் அழுதால் நான் எழுவதற்கு முன்னால் நாலு பேர் எழுந்துவிடுவார்கள். ஒருத்தர் தூக்குவார், ஒருத்தர் வசம்பு உரசுவார், ஒருத்தர் இவன் அப்பா அழுதது மாதிரியே அழுகிறான் என்பார். பசி ஆற்ற மட்டும் என்கிட்டே கொடுப்பார்கள். குடித்து முடித்ததும் வாங்கிக்கொள்வார்கள். என் பிள்ளையைத் தூக்க எனக்கு முறையே வரவில்லை. இந்த வீட்டுக்கு வந்த அன்றைக்குத்தான் இவனுக்கு வலது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் இருப்பதையே பார்த்தேன். மூன்று மாதம் முடிந்த பிள்ளை. அதுவரைக்கும் பார்க்கவில்லை.

அதனால் அன்றைக்கு நன்றாகச் சுட வேண்டும் என்று இருந்தது. மடக்கினேன். குண்டு வைத்தேன். மூடினேன். முதுகை நேராக வைத்தேன். மூச்சை நிறுத்தினேன். எப்போதும் 'டப்' என்று கேட்கும். அன்றைக்கு 'புஸ்' என்றது. பேப்பரில் ஒன்றும் இல்லை. பெட்டியில் இல்லை. சுவரில் இல்லை. குண்டு குழாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. சந்தனம் ராத்திரி முழுக்கக் காய்ந்து சிமென்ட் மாதிரி ஆகியிருந்தது.

மாமா கொஞ்ச நேரம் பேப்பரைப் பார்த்தார். அதில் இருந்த ஆளுக்கு ஒரு கீறல் இல்லை. "இதை நம்பித்தான் என்ற பேரனை வச்சுக்கிட்டு இருக்கறயா?" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. சத்தமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

"மாமா, அது வந்து—" என்றேன். அத்தை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கட்டைவிரலில் இன்னும் சந்தன மஞ்சள் போகவில்லை. அவர் முகத்தில் எனக்காக ஒரு வருத்தம் இருந்தது. நிஜ வருத்தம். எப்படிச் சொல்வது? "இன்னிக்குக் காத்து பத்தலைங்க மாமா" என்று சொல்லிவிட்டேன்.

மாமா அன்றைக்கே மூட்டையைக் கட்டச் சொன்னார். அத்தைதான் நடுவில் வந்தார். "ஏனுங், கட்டுன வீட்டை ரெண்டே மாசத்துல பூட்டுனா ஊரு என்ன பேசும்? தை வரைக்கும் பாக்கலாம்" என்றார். அப்புறம்தான் கெடு. தை முடிவதற்குள் பக்கத்தில் ஒரு பூமி பூஜையாவது நடக்க வேண்டும். ஒரு குடும்பம் வரப்போகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டைப் பூட்டிச் சாவியை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். இப்போது கார்த்திகை பாதி. மார்கழியில் யாரும் பூமி பூஜை போட மாட்டார்கள். அதற்குத்தான் சொல்கிறேன், உங்களுக்கு இந்தச் சைட்டு பிடித்திருந்தால் சீக்கிரம் முடிவு பண்ணுங்க. அவசரப்படுத்தவில்லை.

அவர்கள் போனதும் துப்பாக்கியோடு கொடுத்த கம்பியை விட்டுக் குத்தினேன். சந்தனம் ஒரு கட்டியாக வந்து விழுந்தது, பின்னாலேயே குண்டு. அத்தைகிட்டே இதுவரை சொல்லவில்லை. போனில் கேட்பார், "அம்மணி, அது இப்ப வேலை செய்யுதா?" என்று. "செய்யுதுங்க அத்தை" என்பேன். "நான் பொட்டு வச்ச நேரம்" என்பார்.

இன்னும் கொஞ்சம் காபி? அதோ, மூன்றாவது மூலைக்குப் போய்விட்டார்கள். இங்கே பாம்பு அதிகமில்லை. கரண்ட் போனால் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும். ஆர்ச்சில் இருந்து மெயின் ரோடு ஒன்றரை கிலோமீட்டர், நல்ல நடை. நடக்கிறவர்கள் இல்லை, ஆனால் நடக்கலாம்.

என்ன கேட்டீங்க?

ராத்திரியா?

ராத்திரி எப்படித் தூங்குகிறேன் என்றா கேட்கிறீர்கள்?

நன்றாக... இருங்க. இதை யாரும் கேட்டதில்லை. ரெஜினா தனியாகவா இருக்கிறீர்கள் என்று கேட்டாள். மாமா எதை நம்பி இருக்கிறாய் என்று கேட்டார். இவன் அப்பா சாப்பிட்டாயா, இவன் சாப்பிட்டானா என்று கேட்பார். தூக்கத்தை யாரும் கேட்கவில்லை.

தூங்குவதில்லைங்க.

ஆவணியில் இருந்து இல்லை. உட்கார்ந்திருப்பேன். இவன் மூச்சு விடுகிறானா என்று பார்ப்பேன். மேலே மயில் நடந்தால் அது மயில்தான் என்று ஒரு பத்து நிமிஷம் சொல்லிக்கொள்வேன். துப்பாக்கியா? துப்பாக்கியை ஆறு மணிக்கே பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவேன். தூக்கக் கலக்கத்தில் நானே எடுத்து எதையாவது செய்துவிட்டால்? பீரோச் சாவி அரிசி டிரம்மில், அடியில். குண்டு டப்பா சமையலறைப் பரண் மேல், அதற்கு ஸ்டூல் போட வேண்டும். ஸ்டூல் மொட்டை மாடியில். ஒரு திருடன் வந்தான் என்றால் அவனை அந்த நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் நான் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். கால் ஆடுகிற நாற்காலி வேறு.

பயமாகத்தான் இருக்கிறது. போதுமா? திருடனிடம் பயம். பாம்பிடம் பயம். மாமா தையில் சாவி கேட்பார் என்று பயம். அந்தத் துப்பாக்கியைத் தொட எல்லாவற்றையும்விடப் பயம். ஒவ்வொரு தடவையும் ஒரு கண்ணைத் திறந்து வைத்திருக்க நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும்.

சொல்லியிருக்கக் கூடாது. சைட்டை விற்றுக் கொடுக்கிறேன் பேர்வழி என்று உட்கார்ந்து என்ன பேசிக்கொண்டிருக்கிறேன் பாருங்க. நீங்கள் எழுந்துவிட்டீர்கள். சரி. தப்பில்லை. நானாக இருந்தாலும் எழுந்திருப்பேன். உங்கள் வீட்டுக்காரர் வேறு கையை உதறிக்கொண்டு நிற்கிறார், அளந்து முடித்துவிட்டார்கள் போல. காபி டம்ளர் அப்படியே இருக்கட்டும், நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஏன் ஜன்னல்கிட்டே போகிறீர்கள்?

என்னங்க, இன்னொரு தடவை அளக்கச் சொல்கிறீர்கள்? முதலில் இருந்தா? நாலு மூலையும் சரியாகத்தானே இருந்தது. ஐயோ, நாச்சிமுத்து அண்ணன் முகத்தைப் பாருங்க. டேப்பைச் சுருட்டிப் பையில் வைத்துவிட்டார் பாவம்.

கையை ஏன் நீட்டுகிறீர்கள்?

இவனையா?

வேண்டாங்க. புது ஆள் என்றால் அழுவான். அழ... மாட்டான் போலத்தான் இருக்கிறது. எழக்கூட இல்லை. இல்லைங்க, ஒரு மணி நேரம் எல்லாம் நான் தூங்க வேண்டாம். அரை மணி. நீங்கள் வந்த வேலையை விட்டுவிட்டு. பார்த்து, அந்தக் கையை இப்படி. வலது பக்கம் சாய்த்தால்தான் அவனுக்குப் பிடிக்கும். முழித்தால் உடனே என்னை எழுப்பிவிடுங்க. முழிக்காவிட்டாலும் எழுப்பிவிடுங்க.

நான் இங்கேயே, இந்தப் பாயிலேயே படுக்கிறேன். கதவு திறந்தே இருக்கட்டும், காற்று வருகிறது.

இத்தனை நேரம் நானே பேசியிருக்கிறேன், உங்கள் பெயரைக் கேட்கவே இல்லை பாருங்க.

இப்போது வேண்டாம். எழுந்ததும் சொல்லுங்க.